படகு டிரெய்லரின் சக்கரப் பேரிங்: நிற்கும் காலத்தில் நேரும் சேதமும் அதைத் தடுக்கும் பராமரிப்பும்

முன்னுரை

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டிகள் செய்துவந்த ஹென்றி டிம்கன், 1898-ஆம் ஆண்டு டேப்பர் ரோலர் பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். மேலிருந்து அழுத்தும் பாரத்தையும், வண்டி திரும்பும்போது பக்கவாட்டில் தள்ளும் விசையையும் ஒரே பேரிங் தாங்க வேண்டும் என்பதே அவர் எடுத்துக்கொண்ட சிக்கல். சாய்வாக அமைந்த உருளைகள் அதைத் தீர்த்தன. இன்றும் எத்தனையோ வகை வண்டிகளின் சக்கரங்கள் அந்த அமைப்பின் மீதுதான் உருள்கின்றன.

சாலையில் ஓடுவதற்கென்று பிறந்த அந்தப் பேரிங்கைப் படகு டிரெய்லர் நீருக்குள் கொண்டுபோகிறது. நெடுஞ்சாலையில் ஓடிச் சூடேறிய சக்கரங்கள், இறங்குதளத்தை அடைந்த சில நிமிடங்களில் ஏரியிலோ கடலிலோ மூழ்குகின்றன. படகு இறங்கியதும் டிரெய்லர் மேலே வருகிறது. மாலையில் படகை ஏற்ற மறுபடி மூழ்குகிறது. பிறகு பல நாள், சில இடங்களில் பல மாதம், அசையாமல் நிற்கிறது.

இக்கட்டுரை அமெரிக்கப் பொழுதுபோக்குப் படகுகளின் டிரெய்லர்களை எடுத்துக்கொள்கிறது. அவற்றிலும் 3,500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,590 கிலோ தாங்கும் ஒற்றை ஆக்சில் வகையைச் சிறப்பாக நோக்குகிறது. களமாக இரு மாநிலங்களைக் கொள்ளலாம். மின்னசோட்டாவில் 10 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகள் 11,842. பதிவுசெய்த படகுகள் எட்டு லட்சத்துக்கும் மேல். குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்துவிடுவதால் டிரெய்லர்கள் ஆண்டில் பாதியளவு காலம் நின்றே கிடக்கின்றன. ஃபுளோரிடாவில் ஆண்டு முழுதும் படகு ஓடும். ஆனால் அங்கே சக்கரம் மூழ்குவது பெரும்பாலும் உப்புநீரில்.

கட்டுரையின் கருதுகோள் இது: டிரெய்லர் பேரிங்கின் உடைவு ஓட்டத்தின்போது வெளிப்படுகிறது, அதற்கான சேதமோ பெரும்பாலும் நிற்கும் காலத்தில் உண்டாகிறது. எனவே பராமரிப்பை ஓடிய தூரத்தைக் கொண்டு அளப்பது தவறு. எத்தனை முறை மூழ்கியது, மூழ்கியபின் எவ்வளவு காலம் நின்றது என்ற இரண்டையும் கொண்டே அளக்க வேண்டும்.

1. கட்டமைப்பு

ஆக்சிலின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு ஸ்பிண்டில். அதன்மேல் ஹப் சுழல்கிறது. ஹப்புக்குள் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகள் ஒன்றுக்கொன்று எதிர்முகமாக உட்கார்ந்திருக்கின்றன. நாம் எடுத்துக்கொண்ட ஆக்சிலில் உட்புறப் பேரிங்கின் துளை ஏறத்தாழ 35 மி.மீ.; அதன் கோன் எண் எல் 68149. வெளிப்புறப் பேரிங்கின் துளை ஏறத்தாழ 27 மி.மீ.; எண் எல் 44649.

ஒவ்வொரு பேரிங்கிலும் நான்கு உறுப்புகள் உள்ளன. ஸ்பிண்டிலில் அமரும் உள்வளையம் கோன், ஹப்புக்குள் இறுகப் பொருந்திய வெளிவளையம் கப், இவற்றுக்கிடையே உருளைகள், உருளைகளை இடைவெளி பிசகாமல் நிறுத்தும் கூடு. உட்புறப் பேரிங்குக்குப் பின்னால் ஆயில் சீல் இருக்கிறது. வெளிமுனையில் வாஷர், நட்டு, நட்டைப் பூட்டும் காட்டர் பின், எல்லாவற்றையும் மூடும் தொப்பி ஆகியவை உள்ளன.

இந்த அடக்கத்துக்குள் நீர் நுழைய முதன்மையான வழி சீல்தான். சீலின் ரப்பர் உதட்டை ஒரு சுருள்கம்பி ஸ்பிண்டிலின் மீது அணைத்துப் பிடிக்கிறது. உதடு உள்நோக்கி அமைந்திருப்பதால், உள்ளிருந்து கிரீஸ் தள்ளும்போது அது மேலும் இறுகும். வெளியிலிருந்து அழுத்தம் வந்தாலோ தூக்கிக்கொள்ளும். கிரீஸை வெளியே விடாமல் காப்பதில் வல்ல சீல், நீரை உள்ளே விடாமல் தடுப்பதில் அவ்வளவு வல்லதன்று. படகு டிரெய்லருக்கு இரட்டை உதட்டுச் சீல் பரிந்துரைக்கப்படுவதன் காரணம் இதுவே.

சக்கரத்தின் சிறுமையையும் கணக்கில் கொள்ள வேண்டும். 13 அங்குல ரிம்மில் பொருந்தும் 175/80 அளவு டயரின் விட்டம் 61 செ.மீ.; மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 870 சுற்று சுழலும். சிறு படகுகளின் 8 அங்குல ரிம் சக்கரமோ அதே வேகத்தில் 1,250 சுற்றைத் தாண்டும். இழுத்துச் செல்லும் காரின் சக்கரத்தைவிட டிரெய்லர் சக்கரம் கூடுதலாக உழைக்கிறது. சூடும் அதற்கேற்ப ஏறுகிறது.

2. நீர் நுழையும் விதம்

2.1 சூடும் குளிரும்

ஓடி வந்த ஹப்புக்குள் இருக்கும் காற்றும் சூடாகவே இருக்கும். அது திடீரெனக் குளிர்ந்தால் அழுத்தம் குறையும். மே மாதத்து மின்னசோட்டாவைக் கொண்டு ஒரு கணக்குப் போடலாம். ஹப்பின் உள்வெப்பம் 60 டிகிரி செல்சியஸ், ஏரிநீர் 10 டிகிரி என்க. கெல்வின் அளவில் 333-இலிருந்து 283-க்கு இறக்கம். அடைபட்ட காற்றின் அழுத்தம் அதே விகிதத்தில் 15 விழுக்காடு குறையும். அதாவது ஏறத்தாழ 15 கிலோபாஸ்கல். ஹப் அரை மீட்டர் ஆழத்தில் மூழ்கியிருந்தால் நீரின் அழுத்தம் மேலும் 5 கிலோபாஸ்கல். ஆக, வெளியிலிருந்து உள்நோக்கி 20 கிலோபாஸ்கல், ஏறத்தாழ 3 பி.எஸ்.ஐ., சீலின் உதட்டின் மேல் விழுகிறது. உதடு தூக்கிக்கொள்ளும் திசையும் அதுவே.

காற்று முழுமையாகக் குளிர்ந்தால் எட்டும் உச்ச அளவு இது. படகை இறக்கும் சில நிமிடங்களில் அவ்வளவும் நேராமல் போகலாம். ஆனால் உள்ளே நீர் புக அதில் ஒரு பகுதியே போதும்.

2.2 காற்றின் அளவு

மேற்கண்ட கணக்கிலிருந்து இன்னொரு முடிவும் கிடைக்கிறது. உறிஞ்சப்படும் நீரின் அளவு உள்ளே இருக்கும் காற்றின் அளவைப் பொறுத்தது. இரு பேரிங்குகளுக்கும் நடுவிலுள்ள ஹப்பின் குழிவு வெறுமையாக இருந்தால் உறிஞ்ச இடம் அதிகம். கிரீஸ் நிறைந்திருந்தால், சுருங்குவதற்குக் காற்று கொஞ்சமே. கார் ஹப்பில் நடுக்குழிவை நிரப்பாமல் விடுவது வழக்கம். படகு டிரெய்லரில் நிரப்பி வைப்பதற்கு நியாயம் இருக்கிறது.

2.3 தேய்ந்த ஸ்பிண்டில்

சீல் உட்காரும் இடத்தில் ஸ்பிண்டில் நாளடைவில் வரிபோலத் தேய்கிறது. உப்புநீரில் துருப்பிடித்துப் புள்ளி விழுகிறது. அந்தப் பரப்பில் எத்தனை புதுச் சீல் போட்டாலும் நீர் கசியும். மெல்லிய துருப்பிடிக்கா எஃகுக் குழலை அந்த இடத்தில் செருகி வழவழப்பான பரப்பை மீட்பது இதற்குத் தீர்வு.

3. நீர் செய்யும் வேலை

3.1 ஓடும்போது

உருளைக்கும் வளையத்துக்கும் இடையே மசகு எண்ணெயின் மிக மெல்லிய படலம் இருப்பதால்தான் உலோகம் உலோகத்தோடு உரசுவதில்லை. நீர் கலந்தால் அந்தப் படலம் வலுவிழக்கிறது. டிம்கன் நிறுவனத்தின் ஆய்வாளர் கேன்ட்லி 1977-இல் வெளியிட்ட ஆய்வு இதை ஒரு வாய்பாடாகத் தந்தது: பத்து லட்சத்தில் 100 பங்கு நீர் இருக்கும் நிலையை அடிப்படையாக வைத்தால், பேரிங்கின் ஆயுள் நீரளவின் தலைகீழ் விகிதத்தின் 0.6-ஆம் படியாக மாறும். நீர் 400 பங்கானால் ஆயுள் ஏறத்தாழ 43 விழுக்காடாகச் சுருங்கிவிடும். ஒரு கிலோ எண்ணெயில் 0.4 கிராம் நீர் மட்டுமே அது. அந்த ஆய்வு எண்ணெயைப் பற்றியது. கிரீஸுக்கு அதே எண்களை எடுத்தாள முடியாது. இருந்தாலும் மிகச் சிறிதளவு நீரே போதும் என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

3.2 நிற்கும்போது

ஓடும் பேரிங்கில் உருளைகள் கிரீஸை ஓயாமல் பரப்பிக்கொண்டே இருக்கும். சக்கரம் நின்றதும் அது நின்றுவிடுகிறது. நீர் கீழே இறங்கித் தங்குகிறது. உருளை வளையத்தைத் தொடும் நுண்ணிய இடுக்கில் அது பிடித்துக்கொள்கிறது. பாரம் முழுவதும் விழும் அடிப்பகுதி உருளைகளின் கீழ்தான் கிரீஸ் மிகவும் பிதுங்கி விலகியிருக்கும். துரு தொடங்குவதும் அங்கேதான். கழற்றிப் பார்த்தால் கப்பின் உட்பரப்பில் உருளைகளின் இடைவெளிக்குச் சரியாக, சம தூரத்தில் கோடுகள் விழுந்திருக்கும். சக்கரம் எங்கே நின்றதோ அந்த இடத்தை அக்கோடுகள் காட்டிக்கொடுக்கும்.

அந்தக் கோடுதான் பிற்பாடு நேரும் உடைவின் வித்து. வசந்தத்தில் சக்கரம் சுழலத் தொடங்கியதும் ஒவ்வோர் உருளையும் அந்த அரிப்பின் விளிம்பில் மோதுகிறது. விளிம்பில் நுண்விரிசல் எழுந்து, பரப்பு செதில் செதிலாகப் பெயர்கிறது. பெயர்ந்த துகள்கள் கிரீஸோடு கலந்து மற்ற உருளைகளையும் கீறுகின்றன. சூடு ஏறுகிறது, கிரீஸ் உருகி ஓடுகிறது, கூடு சிதைகிறது. இறுதியில் பேரிங் ஸ்பிண்டிலோடு பற்றிக்கொள்கிறது, அல்லது சக்கரம் ஹப்போடு கழன்று ஓடுகிறது. மின்னசோட்டாவில் மே நடுவில் வால்ஐ என்னும் மீனைப் பிடிக்கும் பருவம் திறக்கும் வார இறுதியில் பெருந்தொகையான டிரெய்லர்கள் ஒன்றாகச் சாலைக்கு வருகின்றன. குளிர்காலம் முழுதும் நின்ற பேரிங்குகள் எந்த முன்னோட்டமும் இல்லாமல் நெடுஞ்சாலை வேகத்தைச் சந்திப்பது அப்போதுதான்.

ஃபுளோரிடாவில் நிற்கும் காலம் குறைவு. ஆனால் கடல்நீரில் கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. குளோரைடு எஃகின் துருவை விரைவுபடுத்துகிறது. மின்னசோட்டாவில் மாதக்கணக்கில் நிகழ்வது அங்கே மிகக் குறைந்த நாள்களிலேயே நிகழ்ந்துவிடும். டிரெய்லரை நன்னீரால் கழுவுவது அதன் சட்டகத்துக்கும் பிரேக்குக்கும் நல்லது. ஹப்புக்குள் ஏற்கெனவே புகுந்த உப்பை அது தொடுவதில்லை.

4. கிரீஸின் தேர்வு

கிரீஸ் என்பது எண்ணெயும் அதைப் பிடித்து நிறுத்தும் கெட்டிப்பொருளும் சேர்ந்தது. சக்கரப் பேரிங்குக்குப் பொதுவாக என்.எல்.ஜி.ஐ. 2 என்ற கெட்டித்தன்மை உடையது ஏற்றது. டப்பாவில் ஜி.சி.-எல்.பி. என்ற குறி இருந்தால், அது ஏ.எஸ்.டி.எம். டி 4950 வரையறையின்படி சக்கரப் பேரிங்குக்கான உயர்தரத்தைச் சேர்ந்தது. புதிய எச்.பி.எம். சான்றில் நீர் எதிர்ப்புக்கு டபிள்யூ.ஆர்., துரு எதிர்ப்புக்கு சி.ஆர். என்ற துணைக்குறிகளும் உண்டு.

எந்தச் சோதனையை நம்பித் தேர்வது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோளோடு தொடர்புடையது. நீரில் கரைந்து போகாத கிரீஸ் என்று விளம்பரம் செய்வோர் காட்டுவது பெரும்பாலும் டி 1264 சோதனை. அதில் பேரிங் நிமிடத்துக்கு 600 சுற்றில் சுழல, ஒரு மணி நேரம் நீர் பீய்ச்சப்படுகிறது. எவ்வளவு கிரீஸ் அடித்துச் செல்லப்பட்டது என்று எடை பார்க்கப்படுகிறது. ஓடும் நிலையின் சோதனை அது. டி 1743 என்ற சோதனையோ வேறு விதம். டேப்பர் ரோலர் பேரிங்கில் கிரீஸ் அடைத்து, சற்றே ஓடவிட்டு, நீரில் நனைத்து, ஈரம் நிறைந்த சூழலில் 52 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரம் அசையாமல் வைத்துத் துரு பார்க்கிறார்கள். டி 5969 ஏறத்தாழ அதே முறையைச் செயற்கைக் கடல்நீரோடு செய்கிறது. நனைந்தபின் நின்றிருக்கும் டிரெய்லருக்கு நெருங்கியவை இவ்விரண்டுமே. கிரீஸின் விவரத்தாளில் முதலில் தேட வேண்டியவையும் இவையே.

கெட்டிப்பொருள்களில் லித்தியம் காம்ப்ளெக்ஸ் எளிதில் கிடைப்பது, பெரும்பாலோருக்குப் போதுமானது. கால்சியம் சல்ஃபனேட் காம்ப்ளெக்ஸ் நீரையும் துருவையும் இயல்பாகவே நன்கு எதிர்க்கும். உப்புநீருக்கு அதுவே மேல். நிறத்தைப் பார்த்துத் தேர்வு செய்யக்கூடாது, அது சாயமே. வெவ்வேறு கெட்டிப்பொருள் கொண்ட கிரீஸ்களைக் கலப்பதும் கூடாது. லித்தியம் காம்ப்ளெக்ஸோடு பாலியூரியாவோ களிமண் வகையோ சேர்ந்தால் கலவை இளகி ஒழுகிவிடக்கூடும். கிரீஸை மாற்றுவதென்றால் பழையதை முழுவதும் கழுவி எடுத்த பின்னரே மாற்ற வேண்டும்.

5. நீரைத் தடுக்கும் மூன்று ஏற்பாடுகள்

5.1 ஸ்பிரிங் தொப்பி

பேரிங் பட்டி என்ற வணிகப் பெயரால் பரவலாக அறியப்படுவது. சாதாரணத் தொப்பிக்குப் பதிலாக, ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டனும் கிரீஸ் நிப்பிளும் கொண்ட உருளைவடிவத் தொப்பி. ஸ்பிரிங் உள்ளே இருக்கும் கிரீஸை ஏறத்தாழ 3 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் வைத்திருக்கும். முன்பு கணக்கிட்ட உள்நோக்கிய அழுத்தமும் அதே அளவுதான் என்பதால், இந்தத் தொப்பி தன் வேலையைச் செய்யத் தகுந்தது என்று சொல்லலாம்.

ஆயினும் இரு குறைகள் உண்டு. கிரீஸ் முன்பக்கத்திலிருந்து நுழைவதால் நடுக்குழிவு நிறைந்திருந்தால் மட்டுமே அழுத்தம் பின் பேரிங்கை எட்டும். பின்னாலிருக்கும் பழைய கிரீஸ் அங்கேயே தங்கிவிடும். அளவு மீறி அடித்தால் சீல் பிதுங்கிவிடும். கிரீஸ் பிரேக்கில் ஒழுகும், நீருக்கும் வழி திறக்கும். பிஸ்டன் வெளியே நகரத் தொடங்கியதும் கிரீஸ் கன்னை நிறுத்திவிட வேண்டும்.

5.2 துளையிட்ட ஸ்பிண்டில்

டெக்ஸ்டர் நிறுவனத்தின் ஈ-இசட் லூப் இவ்வகைக்கு எடுத்துக்காட்டு. ஸ்பிண்டிலின் நடுவே நீளத் துளையிட்டு, கிரீஸை நேராகப் பின் பேரிங்குக்கும் சீலுக்கும் இடையே கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கிருந்து கிரீஸ் பின் பேரிங், நடுக்குழிவு, முன் பேரிங் என்று முன்னோக்கி நகர்ந்து வெளிவருகிறது. சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே மெதுவாக அடித்தால் பழைய கிரீஸ் முன்புறம் வெளியேறும். வெளிவரும் கிரீஸ் பால்நிறமாகவோ துருநிறமாகவோ இருந்தால் நீர் புகுந்திருக்கிறது. அப்போது ஹப்பைக் கழற்றியே ஆக வேண்டும்.

5.3 எண்ணெய் ஹப்

கிரீஸுக்குப் பதில் எண்ணெய். முன்னால் கண்ணாடிபோன்ற சாளரத் தொப்பி. எண்ணெயின் மட்டமும் நிறமும் வெளியிலிருந்தே தெரியும். நீர் கலந்தால் பாலாக மாறும். நோயை முன்கூட்டிக் காட்டுவதில் இதற்கு இணையில்லை. ஆனால் சீல் கசிந்தால் எண்ணெய் முழுவதும் போய்விடும். கிரீஸ் ஹப் மெல்லக் கெடும். எண்ணெய் ஹப் வேகமாகக் கெடும். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் சாளரத்தைப் பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கே இது தகும்.

மூன்றில் எதுவும் ஹப்பைத் திறந்து பார்ப்பதற்கு மாற்று ஆகாது. கிரீஸ் அடிப்பது உள்ளிருக்கும் துருக்கோட்டை மூடுமே தவிர நீக்காது.

6. சேதத்தை வாசித்தல்

கழற்றிக் கழுவிய பேரிங்கை நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் அதன் வரலாறு தெரியும்.

அ) உருளை இடைவெளியில் துருக்கோடுகள்: நனைந்தபின் நின்றதன் அடையாளம். வெறும் கறையாக இருந்து துடைத்தால் போனால் தொடர்ந்து பயன்படுத்தலாம். நகத்தால் வருடும்போது தட்டினால் மாற்ற வேண்டும்.

ஆ) செதில் பெயர்ந்த பள்ளம்: துருவின் அடுத்த கட்டம், அல்லது மிகைப் பாரம். மாற்றுவது தவிர வேறு வழியில்லை.

இ) வைக்கோல் நிறமோ நீலமோ படிந்த உலோகம்: மசகு இல்லாமல் மிகையாகச் சூடேறியது. நீலம் என்றால் எஃகு 300 டிகிரியை நெருங்கியிருக்கும். அதன் கடினம் குறைந்துபோயிருக்கும்.

ஈ) வளைந்த கூடு: கழற்றும்போதோ பொருத்தும்போதோ அடி விழுந்தது.

உ) துருவில்லாத, சம இடைவெளிப் பள்ளங்கள்: சுழலாத சக்கரத்தில் அதிர்வு ஏற்பட்டதன் விளைவு. டிரெய்லரையே வேறொரு லாரியில் ஏற்றிக் கொண்டுபோகும்போது இது நேரும்.

கோனை மாற்றினால் கப்பையும் மாற்ற வேண்டும். பழைய கப்பின் தேய்வு புதிய உருளைகளைக் கெடுத்துவிடும்.

7. பராமரிப்பு முறை

முதலில் டிரெய்லரை வண்டியோடு இணைத்து, மறுபக்கச் சக்கரத்துக்கு முட்டு வைத்து, ஜாக்கியால் தூக்கி, ஆக்சிலுக்குக் கீழ் நிலைத்தாங்கி கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடக்கூடாது.

தொப்பி, காட்டர் பின், நட்டு, வாஷர், முன் பேரிங் என்ற வரிசையில் கழற்றி ஹப்பை இழுத்தெடுக்கலாம். பின் பேரிங் சீலோடு வரும்; சீலைப் பெயர்த்தெடுத்தபின் அதை மறுபடி போடக்கூடாது. பேரிங்குகள் இடம் மாறாமல், எது எந்தப் பக்கத்தது என்று குறித்துவைப்பது நல்லது.

மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய கிரீஸ் ஒரு துளியும் இல்லாமல் கழுவி முழுவதும் உலர்த்த வேண்டும். காற்றுக்குழாயால் பேரிங்கைச் சுழலவிட்டு உலர்த்துவது ஆபத்து. மசகின்றிச் சுழலும் உருளை பரப்பைக் கீறும், கூடு உடைந்து தெறிக்கவும் கூடும்.

கிரீஸ் அடைப்பதே இந்தப் பணியின் மையம். உள்ளங்கையில் கிரீஸை வைத்துக்கொண்டு, கோனின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, குறுகிய பக்கத்தில் உருளைகளுக்கு இடையே கிரீஸ் பிதுங்கி வரும்வரை செய்ய வேண்டும். பிறகு சற்றே திருப்பி அடுத்த பகுதி. மேலே பூசுவதால் பயனில்லை. உருளைக்கும் உள்வளையத்துக்கும் நடுவே போய்ச் சேர வேண்டும். கப்பிலும் ஸ்பிண்டிலிலும் சீலின் உதட்டிலும் மெல்லப் பூசி, நடுக்குழிவை நிரப்பிப் பொருத்தலாம். சீலைச் சமமாகத் தட்டி இறக்க வேண்டும். கோணினால் முதல் மூழ்கலிலேயே கசியும்.

நட்டை இறுக்கும் அளவில்தான் பலர் தடுமாறுகிறார்கள். டெக்ஸ்டர் கையேடு கூறும் முறை: ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை 50 அடி-பவுண்டு வரை இறுக்கி உருளைகளை உட்காரவைக்க வேண்டும், பிறகு இறுக்கம் போகும்வரை தளர்த்தி, ஹப்பைச் சுற்றாமல், விரலால் மட்டும் மறுபடி நெருக்க வேண்டும். காட்டர் பின்னின் துளை பொருந்தவில்லையென்றால் அடுத்த பொருத்தம் வரை தளர்த்த வேண்டும்; இறுக்கக்கூடாது. காட்டர் பின் எப்போதும் புதிதாக இருக்கட்டும். முடிவில் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தாளின் தடிமன் அளவுக்கு மட்டும் ஆட்டம் தெரியலாம். முற்றிலும் ஆட்டமற்ற டேப்பர் பேரிங், சூடேறி உலோகம் விரியும்போது தன்னையே நெரித்துக்கொள்ளும்.

பயணத்தில் செய்ய வேண்டியவை குறைவு. நிற்கும் இடத்திலெல்லாம் இருபக்க ஹப்புகளின் சூட்டையும் ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் கைவைக்க முடியாமல் சுட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். இறங்குதளத்தை அடைந்ததும் கயிறு அவிழ்ப்பது, வடிகால் அடைப்பானைப் போடுவது, பொருள்களை ஏற்றுவது ஆகியவற்றை முதலில் செய்து ஹப் ஆறும் நேரத்தைத் தர வேண்டும். இரண்டாம் பிரிவின் கணக்கு சொல்வது இதைத்தான்: சூட்டின் வேறுபாடு பாதியானால் உறிஞ்சலும் ஏறத்தாழப் பாதியாகும். பேரிங், கப், சீல் எல்லாம் பொருத்திக் கிரீஸ் அடைத்த ஒரு ஹப்பை உறையிட்டு உடன் வைத்திருந்தால், சாலையோரத்தில் அதை மாற்றிவிட்டு வீடு திரும்பலாம்.

8. காலக்கணக்கு

உற்பத்தியாளர் கூறும் பொது அளவு 12 மாதம் அல்லது 12,000 மைல், எது முந்துகிறதோ அது. சுமை டிரெய்லருக்கு அது பொருந்தும். வீட்டிலிருந்து ஏரிக்கும் ஏரியிலிருந்து வீட்டுக்கும் மட்டும் ஓடும் படகு டிரெய்லர் 12,000 மைலை ஓர் ஆண்டில் எட்டுவது அரிது. அதன் உடைமையாளர் ஓடிய தூரத்தைப் பார்த்து நிம்மதி அடைந்தால் ஏமாந்துபோவார்.

எனவே இக்கட்டுரை முன்வைக்கும் அட்டவணை வேறு. நன்னீரில் ஓடும் டிரெய்லருக்கு ஆண்டுக்கு ஒரு முறை, பருவம் முடிந்து நிறுத்துவதற்கு முன் ஹப்பைத் திறந்து கழுவிக் கிரீஸ் மாற்ற வேண்டும். உப்புநீரில் ஓடுவதற்கு ஆண்டுக்கு இரு முறை. அதோடு, இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் அதற்குமுன் புதுக் கிரீஸ் அடித்துப் பழையதன் நிறத்தைப் பார்க்க வேண்டும். நிற்கும் காலத்தில் மாதம் ஒரு முறை டிரெய்லரைச் சற்றே நகர்த்தினால், ஒரே உருளையின் கீழ் ஒரே இடம் ஈரத்தில் கிடப்பது தவிர்க்கப்படும். மூழ்கிய தேதிகளை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவைப்பது தூரமானி காட்டும் எண்ணைவிடப் பயனுள்ளது.

முடிவுரை

பலர் இந்த வேலையை வசந்தத்தில், முதல் பயணத்துக்கு முந்தைய வாரத்தில் செய்கிறார்கள். அப்போது கழுவி எடுப்பது குளிர்காலம் முழுதும் உள்ளே கிடந்த நீரை. துருக்கோடு அதற்குள் விழுந்து முடிந்திருக்கும். அதே இரண்டு மணி நேர வேலையை, அதே கிரீஸையும் சீலையும் கொண்டு, இலையுதிர்காலத்தில் செய்தால் நீர் தன் வேலையைத் தொடங்குமுன்பே வெளியேற்றப்படுகிறது. செலவு ஒன்றே, பலன் வேறு. நெடுஞ்சாலையில் கழன்றோடும் ஒரு சக்கரம் டிரெய்லரை இழுப்பவரை மட்டுமல்ல, எதிரே வரும் குடும்பத்தையும் அச்சுறுத்துகிறது என்பதால், பராமரிப்பின் நாளை மாற்றிவைப்பது படகு வைத்திருப்போர் சாலையில் மற்றவர்க்குச் செலுத்த வேண்டிய கடமை. கையேடு எழுதுவோரும் படகு விற்போரும் தம் அட்டவணைகளில் மைல் கணக்குக்கு முன்னால் ஒரு வரியைச் சேர்க்கட்டும்: படகு டிரெய்லரை நீண்ட காலம் நிறுத்துமுன் ஹப்பைத் திறந்து பார்க்கவும்.